வாயிற்காவல் வேலை கேட்ட தலைவர்

கொரிய வீரர் கிம் கூவும், அவருடைய கட்சி வாழ்ந்து வீழ்ந்த வரலாறும்

1919-ம் ஆண்டு. சீனாவின் ஷாங்காய் நகரில், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பகுதியிலே, ஒரு வாடகை வீட்டில் ஒரு சர்க்கார் நடந்து கொண்டிருந்தது. அந்த சர்க்காருக்கு நிலம் கிடையாது; பட்டாளம் கிடையாது; கஜானாவும் கிடையாது. ஆனால் மந்திரிகள் இருந்தார்கள், சட்டசபை இருந்தது, கொடி இருந்தது. ஜப்பானிடம் நாட்டைப் பறிகொடுத்த கொரியர்கள் அந்நிய மண்ணில் அமைத்த தற்காலிக சர்க்கார் அது. ஆண்டிகள் கூடி மடம் கட்டியது போல என்று அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர்.

அந்த வீட்டுக்கு ஒருநாள் நடுத்தர வயது மனிதர் ஒருவர் வந்தார். அம்மைத் தழும்பு விழுந்த முகம். வெயிலிலும் மழையிலும் அடிபட்ட குடியானவனின் தோற்றம். உள்நாட்டு மந்திரியான அன் சாங் ஹோவைக் கண்டு, தமக்கு ஒரு வேலை வேண்டும் என்று கேட்டார். என்ன வேலை? வாயிற்காவல் வேலை!

அவர் பணிவுக்காக அப்படிச் சொல்லவில்லை. ஜப்பானியர் சிறையில் முற்றத்தைக் கூட்டும்போதும், ஜன்னல்களைத் துடைக்கும்போதும் அவர் ஒரு பிரார்த்தனை செய்துகொண்டதுண்டு. என்றாவது ஒருநாள் தம் நாட்டுக்கென்று ஒரு சர்க்கார் ஏற்பட்டால், அதன் முற்றத்தைப் பெருக்கிவிட்டு, ஜன்னலைத் துடைத்துவிட்டுச் சாகவேண்டும் என்பதே அது. மந்திரிகள் கூடி யோசித்து, அவரைப் போலீஸ் இலாகாவுக்குத் தலைவராக்கினார்கள். ஏழு ஆண்டுகளில் அவரே அந்த சர்க்காருக்குத் தலைவரானார்.

அவர்தான் கிம் கூ. கொரிய சுதந்திரக் கட்சியின் உயிர்நாடியாக இருந்தவர். அந்தக் கட்சி சீனாவில் பதினைந்து ஆண்டுக் காலம் பசியையும் குண்டையும் தாங்கி நின்றது. தாயகத்துக்குத் திரும்பிய பிறகோ நான்கே ஆண்டுகளில் பட்டுப் போயிற்று. பரதேசத்தில் தழைத்த செடி சொந்த மண்ணில் நட்டதும் ஏன் வாடியது? அதற்கு விடை கிம் கூவின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

சாமுத்திரிகா லட்சணம்

1876-ல் ஹைஜு என்ற ஊருக்கு அருகே, ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார் கிம் கூ. முன்னோர்கள் ஒரு காலத்தில் உயர்குடியினர்தாம். ஆனால் ராஜத்துரோகப் பழியால் குலம் தாழ்ந்து, ஊர்ப் பெரிய மனிதர்கள் முன் கைகட்டி நிற்கும் நிலைக்கு வந்திருந்தது. இந்த இழிவைப் போக்க வேண்டுமானால் சர்க்கார் பரீட்சையில் தேறி உத்தியோகம் பார்க்க வேண்டும். தகப்பனார் வயிற்றைக் கட்டி மகனைப் படிக்க வைத்தார்.

1892-ல் பரீட்சைக்குப் போன பையன் கண்டதென்ன? யார் தேறுவது என்பது பரீட்சைக்கு முன்பே பணத்தால் தீர்மானமாகி விட்டிருந்தது. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் எழுதுவதெல்லாம் சர்வ சாதாரணமாக நடந்தது. இனிப் பரீட்சையே வேண்டாம் என்று பையன் திரும்பினான்.

பிழைப்புக்கு வழி வேண்டுமே, ஜோசியமாவது கற்றுக்கொள் என்றார் தகப்பனார். சாமுத்திரிகா லட்சண நூல்களை வைத்துக்கொண்டு, மூன்று மாத காலம் கண்ணாடியில் தன் முகத்தையே ஆராய்ந்தான் பையன். முகத்தில் ஒரு நல்ல குறிகூடக் கிடைக்கவில்லை. வறுமையும் கேடும்தான் எழுதியிருந்தன. மனமுடைந்திருந்த வேளையில் அதே நூலில் வேறொரு வாசகம் கண்ணில் பட்டது. முக லட்சணத்தைவிட உடல் லட்சணம் மேல், அதைவிட மன லட்சணம் மேல் என்பது அதன் கருத்து. நல்ல முகம் இல்லாவிட்டால் போகிறது, நல்ல மனம் படைத்தவனாவோம் என்று புத்தகத்தை மூடி வைத்தான்.

உயர்ந்தோன் தாழ்ந்தோன் இல்லை என்று சொன்ன தொங்ஹாக் இயக்கம் அப்போது கிராமங்களில் பரவிக் கொண்டிருந்தது. ஏழைப் பையனை அது ஈர்த்ததில் வியப்பில்லை. 1894-ல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, பதினெட்டு வயதில் ஒரு படைப் பிரிவுக்குத் தலைவனாகி ஹைஜுக் கோட்டையைத் தாக்கினான். தாக்குதல் தோற்றது. ஓடி ஒளிய இடம் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே கிளர்ச்சியை அடக்கப் படை திரட்டிய நிலச்சுவான்தார் அன் தே ஹுன். எதிரியானாலும் துணிச்சல்காரப் பையன் அநியாயமாகச் சாகக்கூடாது என்று நினைத்தவர் அவர். அந்த வீட்டில் துப்பாக்கியும் கையுமாக வேட்டைக்குப் போய் வந்துகொண்டிருந்த மூத்த மகன்தான் அன் ஜுங் குன். பின்னால் 1909-ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய ராஜதந்திரி இட்டோவைச் சுட்டுக் கொன்றவர்.

விலாசம் எழுதி வைத்த கொலை

1895-ல் ஜப்பானியர் கொரிய அரண்மனைக்குள் புகுந்து ராணியைக் கொன்றார்கள். நாடெங்கும் கொதிப்பு. மறு ஆண்டு, சிஹாபோ என்ற படகுத் துறையில் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்த கிம் கூ, கொரியரைப் போல் உடுத்தி, உள்ளே வாளை மறைத்து வைத்திருந்த ஒரு ஜப்பானியரைக் கண்டார். ராணியின் கொலையில் சம்பந்தப்பட்ட ராணுவ அதிகாரி என்றே தீர்மானித்து அவரைக் கொன்றார். கொன்றது மட்டுமல்ல, ராணியின் கொலைக்குப் பழி வாங்கினேன் என்று தம் பெயரையும் விலாசத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் காத்திருந்தார்!

இறந்தவர் ராணுவ அதிகாரி அல்ல, வியாபாரி என்று ஜப்பானியத் தஸ்தாவேஜுகள் சொல்லுகின்றன. கிம் கூவோ தாம் செய்தது சரியே என்று கடைசிவரை நம்பினார். வீரர்களின் வரலாற்றை எழுதும்போது இம்மாதிரி இடங்களைத் தாண்டிக் குதித்துவிடுவது சுலபம். ஆனால் இவர் வாழ்க்கையில் துப்பாக்கியும் கத்தியும் எப்படி நுழைந்தன, எங்கே கொண்டு போய் விட்டன என்பதைப் பார்க்க வேண்டுமானால் இந்த இடத்தில் சற்று நின்றுதான் ஆகவேண்டும்.

மரண தண்டனை விதிக்கப்பட்டது. அரசர் கோஜோங் அதை நிறுத்தி வைத்ததால் உயிர் தப்பினார். அரண்மனையிலிருந்து இஞ்சோன் நகருக்கு டெலிபோனில் உத்தரவு வந்தது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1898-ல் சிறையிலிருந்து தப்பினார். பிறகு சில காலம் பௌத்த மடத்தில் மொட்டைத் தலைச் சாமியார், அப்புறம் கிறிஸ்தவர், அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார். நாடு விழுந்தது படிக்காததால்தான் என்ற எண்ணம் அப்போது அவருக்கு உறுதிப்பட்டிருந்தது. 1910-ல் ஜப்பான் கொரியாவை அடியோடு விழுங்கியது. மறு ஆண்டே தேசபக்தர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். கிம் கூவும் பிடிபட்டார்.

விடிய விடிய சித்திரவதை. ஒரு நாள், நினைவு தப்பித் தப்பித் தெளியும் நிலையில் அவருக்கு ஒரு வெட்கம் வந்ததாம். எதிரியின் போலீஸ்காரன் தன் நாட்டு வேலைக்காக இரவெல்லாம் கண்விழிக்கிறானே, நான் என் நாட்டுக்காக என்றாவது ஓர் இரவு கண்விழித்து உழைத்திருக்கிறேனா என்ற வெட்கம்! அடிபடுகிறவனுக்கு அடிக்கிறவனைப் பார்த்து இப்படி ஒரு நினைப்பு வருவது அபூர்வம்தான்.

சிறையில் பார்க்க வந்த தாயார், மகன் மாகாண கவர்னராகியிருந்தால்கூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிறையில்தான் அவர் தம் புனைபெயரைச் சூட்டிக்கொண்டார்: பேக்பொம். சமூகத்தில் கடைநிலையில் வைக்கப்பட்ட கசாப்புத் தொழிலாளியைக் குறிக்கும் எழுத்து ஒன்று, சாதாரண மனிதனைக் குறிக்கும் எழுத்து ஒன்று. இந்தக் கடைசி மனிதர்கள் என் அளவுக்காவது தேசபக்தி கொண்டால்தான் நாடு விடுதலை பெறும் என்பது அவர் கருத்து.

வாடகை பாக்கி சர்க்கார்

விடுதலையாகி ஒரு பண்ணையில் மேற்பார்வை வேலை பார்த்து வந்தவர், 1919-ல் நாடெங்கும் எழுந்த மார்ச் முதல் தேதிக் கிளர்ச்சிக்குப் பிறகு ஷாங்காய்க்குத் தப்பினார். அங்கே வாயிற்காவல் கேட்ட கதையைத்தான் முதலிலேயே பார்த்தோம்.

தொடக்கத்தில் அங்கே ஆயிரம் உற்சாகம். முதல் ஜனாதிபதி சிங்மன் ரீ. அமெரிக்காவில் படித்துப் பட்டம் பெற்றவர். ஆனால் சச்சரவு வளர்ந்தது. பொதுவுடைமையாளர் ஒரு பக்கம், தேசியவாதிகள் ஒரு பக்கம். தேசியவாதிகளுக்குள்ளேயே வடக்கத்தியார், தெற்கத்தியார் என்று பிளவு. 1925-ல் ரீயைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 1926 கடைசியில் தலைமைப் பதவி கிம் கூவிடம் வந்தபோது, அது யாருக்கும் வேண்டாத பதவியாக இருந்தது.

சர்க்காரின் வீட்டு வாடகை மாதம் முப்பது வொன். அதைக் கொடுக்க முடியாமல் வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார். தலைவர் ராத்திரி சர்க்கார் கட்டடத்திலேயே படுத்துக்கொள்வார். சாப்பாட்டுக்கு, டிராம் கம்பெனியில் வேலை பார்க்கும் கொரியர் வீடுகளுக்குப் போவார். அவருடைய தாயார், சீனர்கள் குப்பையில் எறிந்த முட்டைக்கோஸ் இலைகளைப் பொறுக்கி வந்து ஊறுகாய் போட்டார். மனைவி 1924-ல் இறந்தபோது அருகில் இருக்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஜப்பானியர் நடமாடும் பகுதியில் இருந்தது. பிரெஞ்சுப் பகுதியைத் தாண்டினால் கைது.

இந்த நிலையில் 1930 ஜனவரியில் பிறந்ததுதான் கொரிய சுதந்திரக் கட்சி. அன் சாங் ஹோ, யி தொங் நியோங், ஜோ ஸோ ஆங், கிம் கூ முதலியோர் கூடி அமைத்தார்கள். கட்சிக்குத் தத்துவம் வகுத்தவர் ஜோ ஸோ ஆங். தனி மனிதருக்குள் சமத்துவம், இனங்களுக்குள் சமத்துவம், தேசங்களுக்குள் சமத்துவம். அரசியல் உரிமையும் பொருளும் கல்வியும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும். பெரிய நிலங்களும் பெரிய தொழில்களும் தேசத்தின் உடைமையாக வேண்டும். பொதுவுடைமைக் கட்சியை எதிர்த்தவர்களின் திட்டமா இது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? வலதுசாரி என்று பெயரெடுத்த கட்சிதான். கொள்கையோ ஏழைக்குச் சார்பானது.

ஆனால் கொள்கையைக் கேட்க ஆள் வேண்டுமே! அமெரிக்கா, ஹவாய், மெக்ஸிகோ, கியூபா ஆகிய இடங்களில் கூலி வேலை செய்யும் கொரியருக்குக் கிம் கூ ஓயாமல் கடிதம் எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வந்தது. அதைக் கொண்டு என்ன செய்வது? பட்டாளம் திரட்டப் போதாது. ஒரு மனிதனையும் ஒரு குண்டையும் அனுப்பப் போதும்.

இரண்டு கடிகாரங்கள்

1932 ஜனவரி 8-ந் தேதி டோக்கியோவில் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் ஊர்வலத்தின் மீது லீ போங் சாங் வீசிய குண்டு குறி தவறியது. கிம் கூவின் ரகசியப் படை அனுப்பிய ஆள் அவர்.

அடுத்தவர் யூன் போங் கில். இருபத்து மூன்று வயது வாலிபர், காய்கறி விற்றுக்கொண்டிருந்தவர். அந்த ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, சக்கரவர்த்தியின் பிறந்தநாளையும் ஷாங்காய் யுத்த வெற்றியையும் சேர்த்துக் கொண்டாட ஜப்பானியர் ஹொங்க்யூ பூங்காவில் மேடை போட்டிருந்தார்கள். காலையில் கிம் கூவும் யூனும் ஒன்றாக அமர்ந்து உணவருந்தினார்கள். ஏழு மணி அடித்தது. யூன் தம் கடிகாரத்தை எடுத்து நீட்டினார். அது ஆறு வொன்னுக்கு வாங்கிய புதுக் கடிகாரம். தலைவருடையதோ இரண்டு வொன் பெறும் பழசு. தமக்கு இனி ஒரு மணி நேரம்தான் கடிகாரம் தேவை, மாற்றிக் கொள்ளுங்கள் என்றார். கிம் கூ வாங்கிக் கொண்டு தம்முடையதைக் கொடுத்தார். வாடகைக் காரில் ஏறும்போது சில்லறைக் காசையும் யூன் கொடுத்துவிட்டுப் போனார். கீழுலகில் சந்திப்போம் என்று தொண்டை அடைக்கச் சொல்லி அனுப்பினார் தலைவர். கூஜாவும் சாப்பாட்டுப் பெட்டியுமாகத் தோற்றமளித்தவை உண்மையில் குண்டுகள்.

மேடையில் குண்டு வெடித்தது. தளபதி ஷிராகவா காயத்தால் பிறகு இறந்தார். கடற்படைத் தளபதி நொமுராவுக்கு ஒரு கண் போயிற்று. மந்திரி பிரதிநிதி ஷிகெமிட்ஸுவுக்கு ஒரு கால் போயிற்று. 1945 செப்டம்பரில் மிஸௌரி யுத்தக் கப்பலில் ஜப்பானின் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட மரக்காலுடன் நொண்டிக்கொண்டு வந்தாரே, அவரேதான்.

யூன் அந்த ஆண்டு டிசம்பரில் கொல்லப்பட்டார். அதே குண்டு கட்சிக்கு இரண்டையும் கொண்டு வந்தது: புகழையும் இழப்பையும். சீனர்கள் கொரியரைப் புதிய மதிப்போடு பார்த்தார்கள். சியாங் கே ஷேக் கிம் கூவைக் கூப்பிட்டனுப்பி, லோயாங் ராணுவப் பள்ளியில் கொரிய வாலிபருக்கு இடம் கொடுத்தார். ஆனால் அன்றைக்கே ஷாங்காயில் அன் சாங் ஹோ கைதாகிவிட்டார். கட்சியின் மிகச் சிறந்த ஸ்தாபன கர்த்தா அவர். கொரியாவுக்குக் கொண்டு போகப்பட்டு, சிறையால் உடல் நலிந்து 1938-ல் இறந்தார். ஒரு குண்டின் கணக்கைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்பாவிகள் பிடிபடுவதைக் கண்ட கிம் கூ, இதற்கெல்லாம் பொறுப்பாளி நானே என்று செய்தி ஸ்தாபனம் மூலம் அறிவித்துவிட்டுத் தலைமறைவானார். தலைக்கு விலை ஆறு லட்சம் வரை ஏறியது. கியாஸிங் நகருக்கருகே, காண்டன்காரர் என்று சொல்லிக்கொண்டு, ஒரு படகோட்டிப் பெண்ணின் படகில் கணவன் மனைவி போல நடித்துக் காலம் தள்ளினார். ஐந்து ஆண்டுகள் காப்பாற்றிய அந்தப் பெண்ணைப் போர் நெருங்கியபோது ஊருக்கு அனுப்பி வைத்தார். கையில் நூறு யுவான்தான் கொடுத்தோமே, இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே என்று பல ஆண்டுகளுக்குப் பின் வருந்தி எழுதியிருக்கிறார்.

உடைந்தது, சேர்ந்தது

1935-ல் பல கட்சிகளைக் கலைத்து ஒரே கட்சியாக்க முயன்றபோது சுதந்திரக் கட்சி அதில் கரைந்தது. புதிய கட்சியார் தற்காலிக சர்க்காரையும் கலைக்கச் சொன்னார்கள். கிம் கூ மறுத்தார். எஞ்சியிருந்த ஒரு சிலரோடு வேறு கட்சி தொடங்கி, அந்தப் பெயர்ப் பலகையைக் கட்டிக் காத்தார். ஜோ ஸோ ஆங்கும் சில மாதங்களில் வெளியே வந்து பழைய கட்சிக்கு மறு உயிர் கொடுத்தார்.

இந்த நாட்களில் நான்கிங்கில் ஒரு நிகழ்ச்சி. கிம் கூவின் தாயாருக்குப் பிறந்தநாள் வந்தது. வாலிபர்கள் விருந்துக்காகப் பணம் சேர்த்தார்கள். அம்மாள் அதைத் தம்மிடமே கொடுங்கள், எனக்குப் பிடித்ததை வாங்கிக் கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். வாங்கியது என்ன? கைத்துப்பாக்கிகள்! எதிரியைச் சுட என்று அந்த வாலிபர்களிடமே கொடுத்துவிட்டார்.

1938 மே மாதம் சாங்ஷா நகரில் மூன்று கட்சிகளை ஒன்றாக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஒரு கொரியரே உள்ளே புகுந்து சுட்டார். ஒருவர் மாண்டார். கிம் கூவின் மார்பில் குண்டு. பிழைக்க மாட்டார் என்று டாக்டர்கள் வைத்தியம் செய்யாமலே விட்டுவிட்டார்கள்; மூத்த மகனுக்கு மரணத் தந்தியும் போய்விட்டது. சில மணி நேரம் கழித்தும் மூச்சு இருந்ததைக் கண்ட பிறகுதான் சிகிச்சை தொடங்கியது. பிழைத்தார். ஆனால் கை நடுக்கம் தங்கிவிட்டது. பிற்காலத்தில் அவர் தூரிகையால் எழுதிய எழுத்துக்களில் அந்த நடுக்கம் தெரியும்.

1940 மே மாதம் மூன்று கட்சிகளும் இணைந்து மீண்டும் கொரிய சுதந்திரக் கட்சியாயின. கிம் கூ தலைவர். செப்டம்பர் 17-ந் தேதி சுங்கிங்கில் கொரிய விடுதலைச் சேனை அமைந்தது. மறு ஆண்டு டிசம்பரில் ஜப்பான் மீது யுத்தப் பிரகடனமும் செய்தார்கள். அந்தச் சேனையில் ஒன்பது பேர் நம் இந்தியாவுக்கு வந்து, டில்லியில் பயிற்சி பெற்று, இம்பால் போர்முனையில் பிரிட்டிஷாரோடு பணி செய்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

கட்சிக்கு அதுவே உச்ச காலம். அமெரிக்க ரகசிய இலாகாவிடம் பயிற்சி பெற்ற கொரிய வாலிபர் தாயகத்தில் இறங்கத் தயாராக இருந்தார்கள். 1945 ஆகஸ்டில் அவர்களைப் பார்க்க ஸியான் போயிருந்த கிம் கூவுக்கு ஜப்பான் சரணடைந்த சேதி வந்தது. துள்ளிக் குதிக்க வேண்டிய சேதி. அவருக்கோ வானம் இடிந்து விழுந்தது போலிருந்தது. நாங்கள் ஒரு வெடிகூடச் சுடாமல் யுத்தம் முடிந்துவிட்டதே, இனி எங்கள் பேச்சுக்கு யார் செவி கொடுப்பார்கள் என்று கலங்கினார். அந்தக் கலக்கம் அப்படியே பலித்தது.

திரும்பி வந்த அந்நியர்

அவர் ஊர் சேர்வதற்குள் வல்லரசுகள் நாட்டை 38-வது அட்சரேகையில் கோடு போட்டுப் பிரித்துக் கொண்டுவிட்டன. வடக்கே ரஷ்யப் படை, தெற்கே அமெரிக்கப் படை. தற்காலிக சர்க்காரை அங்கீகரிக்க அமெரிக்கர் மறுத்தார்கள். தனி மனிதர்களாக வருவதானால் வரலாம் என்றார்கள். நவம்பர் 23-ந் தேதி, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க விமானத்திலிருந்து கிம் கூ இறங்கினார். வரவேற்க யாருமில்லை, வருகிறார் என்பதே ஜனங்களுக்குத் தெரியாது. சுரங்க முதலாளி ஒருவர் கொடுத்த கியோங்யோஜாங் என்ற மாளிகையில் தங்கினார்.

சிங்மன் ரீ முன்பே வந்து சேர்ந்திருந்தார். நிலச்சுவான்தார்களின் ஜனநாயகக் கட்சியிடம் பணமும் பத்திரிகையும் போலீஸ் செல்வாக்கும் இருந்தன. பொதுவுடைமையாளரிடம் தொழிற்சங்கமும் கிராமங்களும் இருந்தன. சுதந்திரக் கட்சியிடம் இருந்தது என்ன? தியாகிகளின் பெயர். கிராமத்துக்குப் போனால் ஜனங்கள் கும்பிடுவார்கள், கண்ணீர் விடுவார்கள். ஆனால் கட்சிக்கு அங்கே ஒரு கிளை இராது. கொள்கையில் நிலம் எல்லோருக்கும் என்று எழுதியிருந்தது. அதை ஊர் ஊராகக் கொண்டு போக ஊழியர் படை இல்லை. தலைவருடைய மனமும் அதில் ஈடுபடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு வீட்டில் பத்துப் பேர் கூடித் தீர்மானிப்பதும், ஒருவனை நம்பி அனுப்புவதுமே அவர் பழகிய அரசியல்.

1945 டிசம்பரில் மாஸ்கோவில் கூடிய வல்லரசுகள் ஐந்தாண்டு வரை கொரியாவை மேற்பார்வையில் வைப்பது என்று முடிவு செய்தபோது நாடு கொந்தளித்தது. கொந்தளிப்புக்குத் தலைமை தாங்கியவர் கிம் கூ. சர்க்கார் சிப்பந்திகளும் போலீஸாரும் இனித் தற்காலிக சர்க்காருக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டார்! அமெரிக்கத் தளபதி ஹாட்ஜ் அவரைக் கூப்பிட்டு மிரட்டினார். ஒரே நாளில் அந்த முயற்சி முடிந்தது. அது முதல் அமெரிக்கர் அவரை நம்பவேயில்லை.

1946 ஏப்ரலில் சில கட்சிகள் வந்து சேர்ந்தன. மறு ஆண்டே அன் ஜே ஹோங் முதலியோர் பிரிந்து போனார்கள். சேனாபதியாக இருந்தவர் தனி இயக்கம் கண்டார். ஷின் இக் ஹீ ரீயின் பக்கம் போய்ச் சேர்ந்தார். 1947 டிசம்பரில் ஜனநாயகக் கட்சித் தலைவர் சாங் தொக் ஸு சுட்டுக் கொல்லப்பட்டபோது கிம் கூவின் ஆட்கள் மேல் சந்தேகம் விழுந்தது. எதிரியின் நீதிமன்றங்களை எதிர்த்து நின்ற கிழவர் அமெரிக்க ராணுவக் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்று, எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல வேண்டி வந்தது.

எல்லையைத் தாண்டினார்

1948 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் கமிஷன் ஸியோலுக்கு வந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த கே.பி.எஸ். மேனன். கமிஷனை வடக்கே ரஷ்யர் அனுமதிக்கவில்லை. அப்படியானால் தெற்கில் மட்டும் தேர்தல் நடத்துவோம் என்றார் ரீ. இரு படைகளும் வெளியேற வேண்டும், வடக்கும் தெற்கும் கூடிப் பேச வேண்டும், அதன் பிறகே தேர்தல் என்றார் கிம் கூ. பிப்ரவரியில் ஐ.நா. இடைக்காலக் கமிட்டி, முடிந்த இடத்தில் தேர்தல் என்று முடிவு செய்தது. இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது.

தனிச் சர்க்கார் அமைக்கத் துணை போவதைவிட 38-வது எல்லையில் விழுந்து சாவேன் என்று அறிக்கை விட்டார் கிம் கூ. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஏப்ரல் 19-ந் தேதி வடக்கே புறப்பட்டபோது, போகாதீர்கள் என்று வாலிபர்கள் வாசலை மறித்துப் படுத்துக்கொண்டார்கள். பின் வாசல் வழியாக வெளியேறி எல்லையைத் தாண்டினார்.

பியோங்யாங்கில் எல்லாம் முன்பே எழுதிவைத்த நாடகம். அவர் போய்ச் சேருமுன் மகாநாடு தொடங்கியிருந்தது; தீர்மானங்களும் தயாராக இருந்தன. கிம் இல் சுங்கிடம் அவரும், உடன் வந்த கிம் கியூ ஸிக்கும் கேட்டவை பெரிய வரங்கள் அல்ல. தெற்குக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். யோன்பேக் வயல்களுக்குத் தண்ணீர் விடுங்கள். காவலில் இருக்கும் சோ மன் ஸிக்கை எங்களுடன் அனுப்புங்கள். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வாக்குறுதி கிடைத்தது, மூன்றாவதற்கு இல்லை. மே 5-ந் தேதி ஸியோல் திரும்பினார்கள். 10-ந் தேதி தெற்கே தேர்தல். 14-ந் தேதி வடக்கு மின்சாரத்தை நிறுத்தியது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வலதுசாரிகள் அவரைப் பொதுவுடைமையாளரிடம் ஏமாந்தவர் என்றார்கள். தேர்தலைப் பகிஷ்கரித்ததால் கட்சிக்குப் பார்லிமெண்டில் இடமே இல்லை. ஜூலை 20-ந் தேதி பார்லிமெண்ட் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தபோது ரீக்கு 180 ஓட்டு. அபேட்சகராக நிற்காத கிம் கூவுக்கு 13 ஓட்டு. ஆகஸ்டில் தெற்கே ஒரு குடியரசு, செப்டம்பரில் வடக்கே ஒரு குடியரசு. இனிப் பகிஷ்காரம் பயன்படாது என்று கண்ட ஜோ ஸோ ஆங் டிசம்பரில் வெளியேறி வேறு கட்சி கண்டார். கட்சிக்குக் கொள்கை வகுத்தவரே போய்விட்டார். கட்சியில் எஞ்சியவர் கிம் கூ ஒருவரே என்று சொன்னால் அது பெரிய மிகையல்ல.

ஞாயிற்றுக்கிழமை பகல்

1949 ஜூன் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கியோங்யோஜாங் மாளிகை மாடியில் ஜன்னலோரம் அமர்ந்திருந்தார் கிம் கூ. பீரங்கிப் படை லெப்டினண்ட் அன் தூ ஹீ பார்க்க வந்தார். புது ஆள் அல்ல. கட்சியில் சேர்ந்திருந்த அங்கத்தினர். ஆகவே மேலே அனுப்பினார்கள். நான்கு முறை சுட்டார். கிம் கூ அங்கேயே உயிர் நீத்தார்.

இது உட்கட்சிச் சண்டை என்று அறிவித்தது ராணுவம். கட்சியின் ஸ்தாபன இலாகாத் தலைவரையே பிடித்துச் சிறையில் போட்டது. அதோடு கட்சியின் மூச்சும் அடங்கிற்று. ஜூலை 5-ந் தேதி நடந்த இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர் அழுதுகொண்டு நின்றார்கள். உயிரோடிருந்தபோது கட்சிக்குக் கிட்டாத கூட்டம் அது.

கொலையாளிக்கு ஆயுள் தண்டனை. ஆனால் ஓர் ஆண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில், 1950 ஜூன் 25-ந் தேதி, கிம் கூ எதற்கு அஞ்சினாரோ அந்தச் சகோதரச் சண்டை மூண்டது. அன் தூ ஹீ விடுதலையாகி மீண்டும் ராணுவத்தில் சேர்ந்தார். 1995-ல் பார்லிமெண்டின் விசாரணை அறிக்கை, இது தனி மனிதன் செய்த கொலையல்ல, ராணுவத்துக்குள் திட்டமிட்டுச் செய்தது என்ற முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு அன் தூ ஹீயை அவர் வீட்டிலேயே ஒரு பஸ் டிரைவர் தடியால் அடித்துக் கொன்றார்.

ஜோ ஸோ ஆங் 1950 மே தேர்தலில் நின்று, நாட்டிலேயே அதிக ஓட்டுப் பெற்று வென்றார். அடுத்த மாதம் யுத்தம் வந்தது. வடக்குப் படை ஸியோலைப் பிடித்தபோது அவரும் கிம் கியூ ஸிக்கும் வடக்கே கொண்டு போகப்பட்டார்கள். இருவரும் திரும்பி வரவில்லை.

கிம் கூவின் சமாதி ஸியோலில் ஹியோசாங் பூங்காவில் இருக்கிறது. நாடு திரும்பிய மறு ஆண்டே அவர் யூன் போங் கில், லீ போங் சாங் இருவருடைய எலும்புகளையும் ஜப்பானிலிருந்து தருவித்து, இன்னொரு தியாகியோடு சேர்த்து அங்கே அடக்கம் செய்திருந்தார். அந்த மூன்று சமாதிகளுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்றையும் எழுப்பச் சொன்னார். அது தமக்காக அல்ல. தாம் பதினெட்டு வயதில் ஒளிந்திருந்த வீட்டின் மூத்த மகன் அன் ஜுங் குன்னுக்காக. போர்ட் ஆர்தர் சிறையில் தூக்கிலிடப்பட்ட அவருடைய உடலை எங்கே புதைத்தார்கள் என்பது தெரியவில்லை. பியோங்யாங் போனபோதுகூட கிம் கூ அதைப் பற்றிக் கேட்டார். இன்று வரை அந்த எலும்புகள் கிடைக்கவில்லை. நாலாவது சமாதி வெறுமையாகவே இருக்கிறது.